ஊரே சாட்சியாய்: வாச்சாத்தி வழக்கும் பாதிக்கப்பட்டோர் சொல்லின் நம்பகத்தன்மையும் (1992–2023)

ஆய்வுச் சுருக்கம்

தருமபுரி மாவட்டம் அரூர் வட்டத்தைச் சேர்ந்த வாச்சாத்தி என்னும் பழங்குடிக் கிராமத்தில் 1992 ஜூன் 20 அன்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆகிய மூன்று துறைகளின் பணியாளர்கள் கூட்டாக நடத்திய வன்முறை, தமிழகத்தின் மனித உரிமை வரலாற்றில் தனித்த இடம் பெறுகிறது. 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு உள்ளாக்கப்பட்ட இந்நிகழ்வில் 19 ஆண்டுகளுக்குப் பின் 215 அரசுப் பணியாளர்கள் தண்டிக்கப்பட்டனர். அத்தண்டனையைச் சென்னை உயர் நீதிமன்றம் 2023இல் உறுதி செய்தது. சந்தன மரக் கடத்தல்காரர்கள் என்று அரசு ஆவணங்களில் பதிவான ஒரு கிராமம், நீதிமன்றம் நம்பத்தக்க சாட்சியாக எவ்வாறு மாறியது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. பாதிக்கப்பட்டோர் சொல்லின் நம்பகத்தன்மை தானாக வாய்த்ததன்று. அது சமூகத்தின் கூட்டுச் செயல்பாட்டால் படிப்படியாக உருவாக்கப்பட்டது என்பது இக்கட்டுரையின் முடிவாகும்.

குறிப்புச் சொற்கள்: வாச்சாத்தி, மலையாளிப் பழங்குடியினர், பாலியல் வன்கொடுமை, அரசு வன்முறை, சாட்சியம், மலைவாழ் மக்கள் சங்கம், மாதர் இயக்கம்.

முன்னுரை

பெண்கள் மீதான பாலியல் வன்கொடுமை வழக்குகளில் நிகழ்வு நடந்ததா என்ற கேள்விக்கு முன்பே வேறொரு கேள்வி எழுந்து நிற்கும். சொல்பவர் யார் என்பதே அது. குற்றம் சாட்டப்படுபவர் சீருடை அணிந்த அரசுப் பணியாளராகவும், குற்றம் சாட்டுபவர் எழுத்தறிவற்ற பழங்குடிப் பெண்ணாகவும் இருக்கும்போது அக்கேள்வியின் எடை பன்மடங்காகிறது. ஒருவரின் சொல் அலுவலக முத்திரையுடன் வருகிறது. மற்றவரின் சொல்லுக்கு அவரது உடலும் நினைவுமே ஆதாரம்.

வாச்சாத்தி குறித்து இதுவரை எழுதப்பட்டவற்றுள் பெரும்பாலானவை கொடுமையின் அளவையோ, தண்டிக்கப்பட்டோரின் எண்ணிக்கையையோ முதன்மைப்படுத்துகின்றன. இவ்விரண்டும் முக்கியமானவையே. ஆயினும், 1992இல் எவரும் நம்ப மறுத்த சொற்கள் 2011இல் தீர்ப்பின் அடிப்படையாக மாறின என்பதே இவ்வழக்கின் வரலாற்றுச் சிறப்பாகும். அம்மாற்றம் நிகழ்ந்த வழியைக் காலவரிசையில் காண்பது இக்கட்டுரையின் நோக்கம். பாதிக்கப்பட்ட பெண்களின் பெயர்கள் இதில் இடம்பெறவில்லை.

மலையும் சந்தனமும்

வாச்சாத்தி, சித்தேரி மலையின் அடிவாரத்தில் அமைந்த சிற்றூர். இங்கு வாழ்பவர்களுள் மிகப் பெரும்பான்மையோர் மலையாளிப் பழங்குடியினர். மலையை ஆள்பவர் என்னும் பொருளில் வழங்கும் இப்பெயருக்கும் கேரளத்து மக்களுக்கும் தொடர்பில்லை. சேர்வராயன், கல்வராயன், கொல்லி, சவ்வாது, சித்தேரி ஆகிய மலைத்தொடர்களில் பரவி வாழும் இம்மக்கள் தமிழையே பேசுகின்றனர். சிறு நிலங்களில் வேளாண்மை, ஆடு மாடு வளர்ப்பு, காட்டில் விளைபொருள் சேகரிப்பு, கூலி வேலை ஆகியவை இவர்களின் வாழ்வாதாரங்கள்.

காட்டுக்கும் இம்மக்களுக்கும் இடையிலிருந்த உறவு, காலனிய ஆட்சிக் காலத்தில் சட்டத்தால் மாற்றியமைக்கப்பட்டது. 1882ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டம் காடுகளைக் காப்புக் காடுகளாக அறிவிக்கும் அதிகாரத்தை அரசுக்கு வழங்கியது. அதன்பின் விறகு பொறுக்குதல், கால்நடை மேய்த்தல், மரம் வெட்டுதல் ஆகியவை அனுமதியின்றிச் செய்தால் குற்றங்களாயின. தலைமுறைகளாகக் காட்டில் நடமாடியவர்கள் சட்டத்தின் பார்வையில் அத்துமீறுபவர்களாக மாறினர். விடுதலைக்குப் பின்னரும் இச்சட்டமே தொடர்ந்தது. வனக்காவலர் பழங்குடியினரின் அன்றாட வாழ்வில் அரசின் முகமாக நின்றார்.

வட தமிழகத்து மலைகளில் விளையும் சந்தன மரம் இவ்வுறவை மேலும் சிக்கலாக்கியது. உயர்ந்த விலை பெறும் அம்மரத்தை வெட்டுவதும் விற்பதும் அரசின் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டிருந்தன. எனவே அதைச் சுற்றிக் கள்ளச் சந்தை ஒன்று வளர்ந்தது. மரத்தை வெட்டிச் சுமப்பதற்கு மலைவாழ் மக்கள் அற்பக் கூலிக்குப் பயன்படுத்தப்பட்டனர். இலாபம் பெற்றோர் மலைக்கு வெளியே இருந்த வணிகர்களும் அவர்களுக்குத் துணைநின்ற செல்வாக்குள்ளோரும் ஆவர். ஆனால் சோதனைகளும் கைதுகளும் சங்கிலியின் கடைசிக் கண்ணியிலிருந்த ஏழைகளின் குடிசைகளிலேயே நிகழ்ந்தன. 1992இல் நடந்தது இப்பின்னணியில் வைத்துப் பார்க்கப்பட வேண்டும். ஒரு நாளில் திடீரென எழுந்த வெறிச்செயலாக அதைக் கருதினால், அதற்கு இடமளித்த நிர்வாக மரபு பார்வையிலிருந்து மறைந்துவிடும்.

1992 ஜூன் 20

அன்று சந்தனக் கட்டைகளைத் தேடி வனத்துறையினர் வாச்சாத்திக்கு வந்தனர். ஊர்க்காரர் ஒருவருக்கும் அவர்களுக்கும் இடையே மோதல் ஏற்பட்டது. அவர் தாக்கப்பட்டதைக் கண்டு மக்கள் திரண்டனர்; வனத்துறையினர் ஒருவரும் காயமுற்றார். இதைத் தொடர்ந்து வனத்துறையினர், காவலர், வருவாய்த்துறையினர் ஆகியோர் பெரும் எண்ணிக்கையில் வாகனங்களில் வந்து ஊரைச் சூழ்ந்தனர். ஆண்களுள் பலர் காட்டுக்குள் ஓடித் தப்பினர். எஞ்சியவர்களுள் பெண்களும் முதியோரும் குழந்தைகளுமே மிகுதி. அவர்கள் வீடுகளிலிருந்து இழுத்துவரப்பட்டு ஊரிலிருந்த ஆலமரத்தடியில் கூட்டப்பட்டு அடிக்கப்பட்டனர்.

அங்கிருந்து 18 பெண்கள் தனியே பிரிக்கப்பட்டனர். மறைத்து வைக்கப்பட்ட சந்தனக் கட்டைகளைக் காட்ட வேண்டும் என்று கூறி, அவர்கள் ஏரிப் பகுதிக்குக் கொண்டு செல்லப்பட்டுப் பாலியல் வன்கொடுமை செய்யப்பட்டனர். அவர்களுள் பள்ளிச் சிறுமியும் இருந்தார். பின்னர் அனைவரும் அரூரிலுள்ள வனச்சரக அலுவலகத்துக்குக் கொண்டு செல்லப்பட்டு அங்கே அடைத்து வைக்கப்பட்டனர். அங்கே ஊர்க் கவுண்டரைத் துடைப்பத்தால் அடிக்குமாறு பெண்கள் கட்டாயப்படுத்தப்பட்டனர். ஊரின் மரபுவழித் தலைவரை ஊர்ப் பெண்களின் கையாலேயே அவமதிக்கச் செய்த இச்செயல், உடல்களோடு சேர்த்து அச்சமூகத்தின் ஒழுங்கையும் தன்மதிப்பையும் குலைக்கும் நோக்குடையது என்பது வெளிப்படை.

அன்றும் தொடர்ந்த நாள்களிலும் வீடுகள் சூறையாடப்பட்டன. கூரைகள் பிரிக்கப்பட்டன, பாத்திரங்கள் நொறுக்கப்பட்டன, தானியங்கள் வீணாக்கப்பட்டன, ஆடுகளும் கோழிகளும் கொல்லப்பட்டன, கிணறுகள் பயன்படுத்த இயலாதவாறு மாசுபடுத்தப்பட்டன. மக்கள் திரும்பி வந்தாலும் வாழ முடியாத இடமாக ஊர் ஆக்கப்பட்டது.

குற்றவாளிகளாகப் பதிவான ஊர்

நிகழ்வின் முதல் எழுத்துப் பதிவை உருவாக்கியவர்கள் தாக்கியவர்களே. அப்பதிவின்படி வாச்சாத்தி ஒரு கடத்தல் கிராமம். அங்கு நடந்தது சட்டப்படியான சோதனை. மக்கள் அரசுப் பணியாளர்களைத் தாக்கிய குற்றவாளிகள். 90 பெண்கள், 15 ஆண்கள், 28 குழந்தைகள் என மொத்தம் 133 பேர் சேலம் மத்திய சிறைக்கு அனுப்பப்பட்டனர். வன்கொடுமைக்கு உள்ளான பெண்களும் இவர்களுள் அடங்குவர். நேர்ந்ததை வெளியில் சொன்னால் மேலும் துன்பம் விளையும் என்ற மிரட்டலுடன் அவர்கள் நீதித்துறை நடுவர் முன் நிறுத்தப்பட்டனர். அங்கு அவர்கள் வாய் திறக்கவில்லை.

இம்மௌனமே பின்னாளில் அவர்களுக்கு எதிரான வாதமாக மாறியது. உண்மையில் நடந்திருந்தால் முதல் வாய்ப்பிலேயே ஏன் சொல்லவில்லை என்று கேட்கப்பட்டது. சொல்வதற்கான சூழல் இருந்ததா என்பது அக்கேள்வியில் இல்லை. தங்களைச் சிதைத்தவர்களின் காவலிலேயே இருந்தபடி, அவர்களின் வாகனத்தில் வந்து, அவர்கள் அருகில் நிற்கும்போது முறையிடுவது எவராலும் இயலாதது.

இதனிடையே காட்டுக்குள் ஓடியவர்கள் பல வாரங்கள் ஊர் திரும்பவில்லை. ஊர் வெறிச்சோடியது. மாநில அரசு குற்றச்சாட்டுகளை மறுத்தது. வீடுகளை மக்களே இடித்துக்கொண்டனர் என்ற விளக்கமும் வருவாய்த்துறையின் தரப்பிலிருந்து முன்வைக்கப்பட்டது. இவ்வாறு, நிகழ்ந்த சில வாரங்களுக்குள்ளேயே ஓர் அதிகாரபூர்வ வரலாறு எழுதி முடிக்கப்பட்டிருந்தது. அதை மறுக்கக் கூடியவர்கள் சிறையிலும் காட்டிலும் இருந்தனர்.

நம்பகத்தன்மை என்னும் தடை

வாச்சாத்தி மக்கள் எதிர்கொண்ட தடை புதியதன்று. இந்திய நீதிமன்றங்களில் சமூகத் தகுதிக்கும் நம்பகத்தன்மைக்கும் இடையே நெடுங்காலமாக எழுதப்படாத ஓர் இணைப்பு இருந்துவந்தது. இதற்கு இரண்டு முன்நிகழ்வுகளைச் சுட்டலாம்.

முதலாவது கீழ்வெண்மணி. 1968 டிசம்பர் 25 அன்று 44 தலித் விவசாயத் தொழிலாளர் குடும்பத்தினர் ஒரே குடிசையில் எரித்துக் கொல்லப்பட்ட அவ்வழக்கில், கீழமை நீதிமன்றம் தண்டித்த நிலக்கிழார்களை உயர் நீதிமன்றம் விடுதலை செய்தது. வசதி படைத்த மிராசுதாரர்கள் தாமே நேரில் நடந்து சென்று தீ வைத்திருப்பர் என்பது நம்பத்தக்கதாக இல்லை என்ற கருத்து அத்தீர்ப்பில் வெளிப்பட்டது.

இரண்டாவது மதுரா வழக்கு. 1972இல் மகாராட்டிர மாநிலத்தின் தேசாய்கஞ்ச் காவல் நிலையத்தில் பழங்குடிச் சிறுமி ஒருவர் காவலர்களால் வன்கொடுமை செய்யப்பட்டார். உயர் நீதிமன்றம் விதித்த தண்டனையை 1978இல் உச்ச நீதிமன்றம் நீக்கியது. அவர் உடலில் காயங்கள் இல்லை, கூச்சலிடவில்லை என்பவை இணக்கத்தின் அடையாளங்களாகக் கொள்ளப்பட்டன. 1979இல் சட்ட ஆசிரியர்களான உபேந்திர பக்ஷி, லோதிகா சர்க்கார், வசுதா தாகம்வார், ரகுநாத் கேல்கர் ஆகிய நால்வர் இத்தீர்ப்பைக் கண்டித்துத் தலைமை நீதிபதிக்குத் திறந்த மடல் எழுதினர். நாடெங்கும் மகளிர் அமைப்புகள் போராடின. இதன் விளைவாக 1983இல் குற்றவியல் சட்டம் திருத்தப்பட்டது. காவலில் நிகழும் வன்கொடுமைக்குக் கடுமையான குறைந்தபட்சத் தண்டனை வகுக்கப்பட்டது. அத்தகைய வழக்குகளில் உடலுறவு நிறுவப்பட்டு, தான் இணங்கவில்லை என்று பெண் கூறினால், இணக்கம் இல்லை என்றே நீதிமன்றம் அனுமானிக்க வேண்டும் என்று சான்றுச் சட்டத்தில் 114அ பிரிவு சேர்க்கப்பட்டது. பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவதும் குற்றமாக்கப்பட்டது.

எனவே 1992ஆம் ஆண்டில் சட்ட நூலின் நிலை மதுரா காலத்திலிருந்து மாறியிருந்தது. 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் நடைமுறையில் இருந்தது. ஆயினும் சட்டம் மாறியது போல மனப்பாங்கு மாறவில்லை. வாச்சாத்தி குறித்த மனு முதன்முறை சென்னை உயர் நீதிமன்றத்தின் முன் வந்தபோது தள்ளுபடி செய்யப்பட்டது. பொறுப்பான அரசுப் பணியாளர்கள் இவ்வாறு நடந்திருப்பர் என்பதை ஏற்க இயலாது என்ற எண்ணமே அப்போதும் மேலோங்கியது. மிராசுதாரர் நடந்து செல்லமாட்டார் என்ற பழைய எண்ணத்துக்கும் இதற்கும் உள்ள ஒற்றுமை கருதத்தக்கது. இரண்டிலும் சான்றுகளை எடைபோடுவதற்கு முன்பே குற்றம் சாட்டப்பட்டவரின் தகுதி எடைபோடப்பட்டது.

ஊர் சாட்சியாதல்

இத்தடையைத் தகர்க்கும் பணி நீதிமன்றத்துக்கு வெளியே தொடங்கியது. 1992 ஜூலையில் தமிழ்நாடு மலைவாழ் மக்கள் சங்கத்தினர் சித்தேரிப் பகுதியில் கூடியபோது வாச்சாத்தி பற்றிய செய்தி அவர்களை எட்டியது. சங்கத்தின் தலைவர்களுள் ஒருவரான பெ. சண்முகம் உள்ளிட்டோர் ஊருக்கு நேரில் சென்றனர். இடிந்த வீடுகளையும் ஆளில்லாத தெருக்களையும் அவர்கள் கண்டனர். காட்டில் மறைந்திருந்தவர்களையும் சிறையிலிருந்தவர்களையும் தேடிச் சென்று கேட்டறிந்த பின்னரே நிகழ்வின் முழு உருவம் வெளிப்பட்டது. மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் கட்சியின் அப்போதைய மாநிலச் செயலாளர் அ. நல்லசிவன் அரசின் தலைமைச் செயலாளருக்கு முறையிட்டார். பயன் கிட்டாமையால் உச்ச நீதிமன்றத்தை நாடினார். உச்ச நீதிமன்றம் சென்னை உயர் நீதிமன்றத்தை அணுகுமாறு பணித்தது.

அனைத்திந்திய ஜனநாயக மாதர் சங்கத்தின் பங்கு இங்குத் தனியே குறிப்பிடத்தக்கது. கீழ்வெண்மணி நிகழ்வை ஆவணப்படுத்தியவரும் அச்சங்கத்தின் முன்னோடிகளுள் ஒருவருமான மைதிலி சிவராமன், வாச்சாத்திப் பெண்களின் வாக்குமூலங்களை வெளிக்கொணரும் பணியில் ஈடுபட்டார். கட்சிக்காரரிடமோ வழக்கறிஞரிடமோ ஆண் அதிகாரியிடமோ சொல்லத் தயங்கியவற்றைப் பெண்கள் பெண்களிடம் சொல்ல முடிந்தது. ஒரு பெண் சொல்லத் தொடங்கியதும் அடுத்தவருக்குத் துணிவு பிறந்தது. பதினெட்டுப் பேரும் ஒரே துயரைப் பகிர்ந்திருந்ததால், அதைத் தனிப்பட்ட மானக்கேடாக ஒளிக்க வேண்டிய நிலை தளர்ந்தது.

இவ்விடத்தில் ஊரின் நிலைப்பாடு முதன்மையானது. பாலியல் வன்கொடுமைக்கு ஆளான பெண் தன் குடும்பத்தாராலும் ஊராராலும் ஒதுக்கப்படுவது பல வழக்குகளில் புகாரையே முடக்கிவிடுகிறது. வாச்சாத்தியில் ஊர் அப்பெண்களின் பின்னால் நின்றது. நடந்தது ஊருக்கு நடந்தது என்று அனைவரும் கொண்டதால், பெண்களின் புகார் ஊரின் புகாராயிற்று. இம்மனநிலைக்கு மற்றொரு காரணமும் உண்டு. வன்கொடுமையையும் சிறைவாசத்தையும் வீடிழப்பையும் ஊரே ஒருசேர அனுபவித்தது. எனவே ஒருவரின் இழப்பை மற்றவர் ஐயுறுவதற்கு இடமில்லாமற் போயிற்று.

அடுத்த படி, மாநில நிர்வாகத்தைச் சாராத ஓர் அமைப்பின் பதிவைப் பெறுவதாகும். தேசிய மனித உரிமை ஆணையம் 1993இல்தான் தோன்றியது. ஆனால் அரசியல் சட்டத்தின் 65ஆம் திருத்தத்தால் அமைக்கப்பட்ட தேசிய பட்டியல் சாதியினர், பழங்குடியினர் ஆணையம் 1992 மார்ச்சில் நடைமுறைக்கு வந்திருந்தது. உரிமையியல் நீதிமன்றத்துக்குரிய விசாரணை அதிகாரங்கள் அதற்கு வழங்கப்பட்டிருந்தன. அதன் தென்மண்டல இயக்குநர் பாமதி வாச்சாத்திக்கு நேரில் வந்து விசாரித்து அறிக்கை அளித்தார். மக்கள் கூறியவை உண்மை என்பதை அவ்வறிக்கை உறுதிப்படுத்தியது. மாநில அரசின் ஆவணங்களுக்கு நிகரான தகுதியுடைய மற்றோர் ஆவணம் இவ்வாறு முதன்முறையாக உருவானது. மக்களின் சொல் இப்போது அரசமைப்பு நிறுவனம் ஒன்றின் தாளில் எழுதப்பட்டிருந்தது. அதை எளிதில் புறந்தள்ள முடியவில்லை.

புலனாய்வும் விசாரணையும் (1995–2011)

தொடர்ந்த சட்டப் போராட்டத்தின் விளைவாக 1995இல் சென்னை உயர் நீதிமன்றம் வழக்கை மத்தியப் புலனாய்வுத் துறையிடம் ஒப்படைத்தது. குற்றம் சாட்டப்பட்ட துறைகளுள் ஒன்றான மாநிலக் காவல்துறையே தன்னைத் தான் விசாரிக்கும் முரண் இதனால் நீங்கியது. 155 வனத்துறையினர், 108 காவல்துறையினர், 6 வருவாய்த்துறையினர் என 269 பேர் மீது 1996இல் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யப்பட்டது. ஒரே வழக்கில் மூன்று துறைகளைச் சேர்ந்த இத்தனை அரசுப் பணியாளர்கள் குற்றவாளிக் கூண்டில் ஏறியது அரிதினும் அரிது.

புலனாய்வின் திருப்புமுனை அடையாள அணிவகுப்பு ஆகும். தங்களைத் தாக்கியவர்களைப் பெண்கள் பலருக்கு நடுவே நேருக்கு நேர் பார்த்து இனங்காட்ட வேண்டியிருந்தது. முன்பு கைதிகளாகக் கொண்டு செல்லப்பட்ட அதே சேலம் சிறைக்கு இம்முறை அவர்கள் சாட்சிகளாகச் சென்றனர். அதிகாரிகளின் முகத்தை நிமிர்ந்து பார்க்கவே அஞ்சிப் பழகிய சமூகத்தைச் சேர்ந்தவர்கள், அவர்களைச் சுட்டிக்காட்டினர்.

விசாரணை கோயம்புத்தூர், கிருஷ்ணகிரி, தருமபுரி என இடம் மாறி நடந்தது. ஒவ்வொரு தவணைக்கும் கூலி வேலையை விட்டுப் பயணம் செய்ய வேண்டியிருந்தது. குறுக்கு விசாரணையில் அதே நிகழ்வை மீண்டும் மீண்டும் சொல்ல வேண்டியிருந்தது. பேரங்களும் மிரட்டல்களும் இடையிடையே வந்தன. குற்றம் சாட்டப்பட்டோர் பலர் பணியில் தொடர்ந்தனர். பதவி உயர்வும் ஓய்வும் பெற்றனர். வழக்கு முடிவதற்குள் அவர்களுள் 54 பேர் இறந்தனர். சாட்சிகளிலும் முதுமையுற்றோர், இறந்தோர் இருந்தனர். சிறுமியாக இருந்தவர் நடுவயதுத் தாயாகிவிட்டார்.

இக்காலநீட்சியைத் தாங்குவதற்குச் சங்கங்கள் உறுதுணையாயின. வழக்கறிஞர்களை ஏற்பாடு செய்வது, பயணத்துக்கு உதவுவது, சாட்சிகளைத் தயார்படுத்துவது, இடைக்கால நிவாரணம் கோருவது, நிகழ்வை ஆண்டுதோறும் பொதுவெளியில் நினைவூட்டுவது ஆகிய பணிகள் இடையறாது நடந்தன. சாட்சிகளுக்கும் பாதிக்கப்பட்டோருக்கும் பாதுகாப்பு, பயணப்படி, தகவல் பெறும் உரிமை ஆகியவற்றை வழங்கும் தனி இயல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலமே சேர்க்கப்பட்டது. சட்டம் பின்னாளில் அரசின் கடமையாக வகுத்தவற்றுள் பலவற்றை வாச்சாத்தியில் ஊரும் சங்கங்களும் அதற்கு 20 ஆண்டுகளுக்கு முன்பே தம் பொறுப்பில் செய்துவந்தன.

இரண்டு தீர்ப்புகள்

2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி முதன்மை மாவட்ட நீதிபதி எஸ். குமரகுரு தீர்ப்பு வழங்கினார். அன்று உயிருடன் இருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்று அறிவிக்கப்பட்டனர். இவர்களுள் வனத்துறையினர் 126 பேர். காவல்துறையினர் 84 பேர். வருவாய்த்துறையினர் 5 பேர். இந்திய வனப்பணி அதிகாரிகள் நால்வரும் தண்டிக்கப்பட்டனர். பாலியல் வன்கொடுமைக் குற்றம் நிறுவப்பட்ட 17 பேருள் 12 பேருக்குப் பத்தாண்டும், 5 பேருக்கு ஏழாண்டும் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. மற்றவர்கள் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் உள்ளிட்டவற்றின் கீழ் அதனினும் குறைந்த காலத் தண்டனை பெற்றனர்.

ஒருவரும் விடுவிக்கப்படவில்லை என்பதன் பொருள் ஆழமானது. வன்கொடுமை செய்தவர்களை மட்டும் தனித்துப் பிரித்து, ஏனையோரைப் பார்வையாளர்களாக நீதிமன்றம் விட்டுவிடவில்லை. ஊரைச் சூழ்ந்தவரும் அடித்தவரும் வீட்டை இடித்தவரும் கண்டும் தடுக்காதவரும் ஒரே குற்றத்தின் வெவ்வேறு அங்கங்களாக மதிப்பிடப்பட்டனர். ஊர் கூட்டாகப் பாதிக்கப்பட்டது என்ற மக்களின் கூற்றுக்கு, குற்றமும் கூட்டாகவே இழைக்கப்பட்டது என்ற தீர்ப்பு விடையாக அமைந்தது.

தண்டிக்கப்பட்டோர் மேல்முறையீடு செய்தனர். மேலும் 12 ஆண்டுகள் கழிந்தன. மேல்முறையீட்டை விசாரித்த சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி பி. வேல்முருகன் 2023 மார்ச் 4 அன்று வாச்சாத்திக்கே நேரில் சென்றார்; நிகழ்விடங்களைப் பார்த்தார்; மக்களைச் சந்தித்தார். 31 ஆண்டுகளுக்கு முன், பொறுப்பான அதிகாரிகள் இவ்வாறு செய்திருப்பர் என்று நம்ப மறுத்த அதே உயர் நீதிமன்றத்திலிருந்து ஒரு நீதிபதி அவ்வூர் மண்ணில் நடந்து சென்றதை இவ்வழக்கு கடந்துவந்த தொலைவின் அளவுகோலாகக் கொள்ளலாம்.

2023 செப்டம்பர் 29 அன்று, முதல் தீர்ப்பு வந்து சரியாக 12 ஆண்டுகள் நிறைந்த நாளில், மேல்முறையீடுகள் அனைத்தும் தள்ளுபடியாயின. பாதிக்கப்பட்ட பெண்களின் சாட்சியம் உறுதியானது, நம்பத்தக்கது என்று உயர் நீதிமன்றம் கண்டது. உண்மையான கடத்தல்காரர்களையும் செல்வாக்குள்ளோரையும் காப்பதற்காக அதிகாரிகள் நடத்திய நாடகத்தில் அப்பாவிப் பழங்குடிப் பெண்கள் பலியாயினர் என்றும் அது குறிப்பிட்டது. 18 பெண்களுக்கும் தலா 10 லட்சம் ரூபாய் இழப்பீடும், அதில் பாதியை வன்கொடுமைக் குற்றவாளிகளிடமிருந்து வசூலிக்கவும், வேலைவாய்ப்பு அல்லது சுயதொழிலுக்கு வழிசெய்யவும் அரசுக்கு ஆணையிடப்பட்டது. நிகழ்வின்போது பொறுப்பிலிருந்த மாவட்ட ஆட்சியர், காவல் கண்காணிப்பாளர், மாவட்ட வன அலுவலர் ஆகியோர் மீது நடவடிக்கை எடுக்கவும் நீதிமன்றம் பணித்தது.

எஞ்சி நிற்பவை

இவ்வெற்றியை அளவுக்கு மீறி மதிப்பிடுவது வரலாற்றுக்கு நேர்மையாகாது. மூன்று குறைகளையேனும் சுட்ட வேண்டும்.

முதலாவது, காலம். 31 ஆண்டுகளுக்குப் பின் வரும் நீதி, ஒரு தலைமுறையின் இளமையை விலையாகப் பெற்ற நீதி. தண்டனையைச் சந்திக்காமலே இறந்த 54 பேரும், தீர்ப்பைக் காணாமலே இறந்த பாதிக்கப்பட்டோரும் இதற்குச் சான்று.

இரண்டாவது, பொறுப்பின் எல்லை. மாவட்ட நிர்வாகத்தின் உச்சியில் இருந்தவர்களின் பொறுப்பு 2023இல்தான் நீதிமன்ற ஆணையில் இடம்பெற்றது. கட்டளைச் சங்கிலியின் மேல்நிலையை எட்டுவதில் சட்டம் இன்றும் தடுமாறுகிறது. 2013ஆம் ஆண்டுக் குற்றவியல் சட்டத் திருத்தம், பாலியல் குற்றங்களில் அரசுப் பணியாளர் மீது வழக்குத் தொடர அரசின் முன் அனுமதி தேவையில்லை என்று வகுத்தது. ஆயினும் மேலதிகாரியின் கண்டும் காணாமையை நிறுவும் வழி எளிதாகவில்லை.

மூன்றாவது, மீள்நிகழ்வு. வாச்சாத்திக்குப் பின் 1994இல் கோவை மாவட்டத்தின் சின்னாம்பதியில் இருளர் பெண்கள் அதிரடிப்படையினரால் வன்கொடுமைக்கு உள்ளாயினர். 2011இல் வாச்சாத்தித் தீர்ப்பு வந்து இரண்டு மாதங்கள் முடிவதற்குள், திருக்கோவிலூர்ப் பகுதியில் இருளர் பெண்கள் நால்வர் காவலர்கள் மீது இதே குற்றச்சாட்டை எழுப்ப நேர்ந்தது. 215 பேர் பெற்ற தண்டனையும் சீருடைக்குள் போதிய அச்சத்தை விதைக்கவில்லை. திருட்டு, கடத்தல் என்ற சந்தேகம் ஒரு சமூகத்தின் மீது நிரந்தரமாகப் படிந்திருக்கும் வரை, அச்சமூகத்துப் பெண்களின் உடல் சோதனைக்குரிய இடமாகவே கருதப்படும் என்பதை இந்நிகழ்வுகள் காட்டுகின்றன. காட்டில் வாழ்வோருக்கு வரலாற்று அநீதி இழைக்கப்பட்டதை 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் தன் முகப்புரையிலேயே ஒப்புக்கொண்டுள்ளது. நிலத்தின் மீதும் காட்டின் மீதும் அம்மக்களுக்குள்ள உரிமை உறுதிப்படுவதும் பெண்களின் பாதுகாப்பும் ஒன்றோடொன்று பிணைந்தவை.

முடிவுரை

வாச்சாத்தி வழக்கில் பாதிக்கப்பட்டோரின் சொல் நம்பப்பட்டது மூன்று படிகளில் நிகழ்ந்தது. தனிப்பட்ட பெண்ணின் மானக்கேடாகக் கருதப்பட்டது ஊரின் பொதுப் புகாராக மாறியது முதற்படி. அப்புகார், மாநில நிர்வாகத்துக்கு வெளியே உள்ள அரசமைப்பு நிறுவனத்தின் ஆவணமாகவும் மத்தியப் புலனாய்வின் குற்றப்பத்திரிகையாகவும் எழுத்துருப் பெற்றது இரண்டாம் படி. மறதிக்கும் மிரட்டலுக்கும் பேரத்துக்கும் இடம் தராமல் 31 ஆண்டுகள் ஒரே சொல்லில் நின்றது மூன்றாம் படி. 1983ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தமும் 1989ஆம் ஆண்டுச் சட்டமும் கதவைத் திறந்து வைத்தன. அக்கதவு வரை நடந்து சென்றவர்கள் அம்மக்களும் அவர்களுக்குத் துணைநின்ற அமைப்புகளுமே.

பாதிக்கப்பட்ட பெண்ணின் பெயரைச் சட்டம் மறைக்கிறது. அது தேவையான காப்பு. வாச்சாத்தியில் அம்மறைப்பினுள் இருந்த 18 பெண்களுக்காக ஊர் தன் பெயரை முன்வைத்தது. 1992இல் அரசு ஆவணங்களில் கடத்தல் கிராமத்தின் பெயராக எழுதப்பட்ட வாச்சாத்தி, இன்று தமிழக நீதி வரலாற்றில் சாட்சியத்தின் பெயராக நிற்கிறது.